திரையில் பழகிய முகம்: இளம் வாக்காளரின் தேர்வும் சமூக ஊடகமும்

2024 பிப்ரவரி 14 அன்று நடந்த இந்தோனேசிய அதிபர் தேர்தலில் 58 விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று, முதல் சுற்றிலேயே வென்றவர் பிரபோவோ சுபியாந்தோ. அப்போது அவருக்கு வயது 72. ராணுவத்தில் உயர் பொறுப்பு வகித்த அவர், ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்கள் கடத்தப்பட்ட விவகாரத்தில் 1998-இல் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டவர். 2014, 2019 ஆகிய இரண்டு அதிபர் தேர்தல்களில் நின்று தோற்றவர். அந்த இரண்டு முறையும் குரலை உயர்த்திப் பேசும் கண்டிப்பான தலைவராகத்தான் அவர் மேடையேறினார். மூன்றாம் முறை வந்தபோது, கைகளை ஆட்டி ஓரிரு அடிகள் நடனமாடிவிட்டுச் சிரிக்கும் கொழுகொழு தாத்தாவாக வந்தார். பார்த்தவுடன் கன்னத்தைக் கிள்ளத் தோன்றுகிற செல்ல அழகைக் குறிக்க அந்நாட்டு இளைஞர்கள் வழங்கும் ‘கெமோய்’ என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. செயற்கை நுண்ணறிவு வரைந்து தந்த, உப்பிய கன்னங்களும் பெரிய கண்களும் கொண்ட அவருடைய கார்ட்டூன் உருவம் சுவரொட்டிகளிலும் டிக்டாக்கிலும் நிறைந்தது. அவர் வளர்க்கும் பூனைக்குக்கூடத் தனி இன்ஸ்டாகிராம் கணக்கு இருந்தது.

அந்த வெற்றிக்கு நடனம் மட்டுமே காரணம் என்று சொல்வது பிழையாகும். பதவியிலிருந்த அதிபர் ஜோகோ விடோடோவின் செல்வாக்கும், அவருடைய மகன் ஜிப்ரான் துணை அதிபர் வேட்பாளராக நின்றதும் பெரும் பலம் சேர்த்தன. ஆயினும் மில்லேனியல், ஜென் இசட் என்று அழைக்கப்படும், ஏறத்தாழ 1980-க்குப் பின் பிறந்த இரண்டு தலைமுறையினர் மொத்த வாக்காளர்களில் பாதிக்கும் மேலாக இருந்த ஒரு நாட்டில், அவர்களில் பலர் பிறப்பதற்கு முன்போ தவழும் வயதிலோ நடந்து முடிந்த 1998-இன் நிகழ்வுகளை, சில நொடி நடனக் காட்சிகள் பார்வையிலிருந்து ஒதுக்கிவிட முடிந்தது. இளம் வாக்காளர் மீது சமூக ஊடகம் செலுத்தும் செல்வாக்கைப் புரிந்துகொள்ள இந்த ஒதுக்கலிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். எதை நம்ப வேண்டும் என்று திரை அவருக்குக் கட்டளையிடுவது குறைவு. யாரைத் தனக்குப் பழக்கமானவராக அவர் உணர்கிறார் என்பதைத்தான் அது பெரிதும் தீர்மானிக்கிறது. பழக்கமானவர் என்ற உணர்வு வந்தபின், கொள்கையையும் கடந்த காலத்தையும் பற்றிய கேள்விகள் எழுவதே அரிதாகிவிடுகிறது.

முகம் பார்த்து எடைபோடுவது

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்ற பழமொழியை நாம் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். வாக்காளர்கள் இதை எந்த அளவுக்கு உள்ளூர நம்புகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் தொடோரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க செனட் தேர்தல்களில் மோதிய இருவரின் புகைப்படங்களை, அவர்கள் யாரென்றே அறியாதவர்களிடம் காட்டி, இவர்களில் திறமைசாலியாகத் தெரிபவர் யார் என்று கேட்டார்கள். ஒரு நொடி மட்டுமே படங்களைக் காட்டிய சோதனையும் அதில் உண்டு. திறமைசாலி என்று சுட்டப்பட்டவரே, ஏறத்தாழ 10 தேர்தல்களில் 7-இல், உண்மையிலும் வென்றவராக இருந்தார். அழகானவர் யார் என்ற கேள்வியிலிருந்து வந்த முடிவல்ல இது. திறமையைப் பற்றிய கேள்விக்கே முகத்திலிருந்து விடை எடுக்கப்பட்டது.

இதைவிட வியப்பூட்டுவது, ஜான் ஆன்டோனாகிஸும் ஓலாஃப் டால்காஸும் 2009-இல் வெளியிட்ட சோதனை. சுவிட்சர்லாந்தில் 5 முதல் 13 வயது வரையுள்ள குழந்தைகளைக் கணினி முன் உட்கார வைத்து, ஒரு கப்பல் பயணத்தை விளையாட்டாக ஆட வைத்துவிட்டு, இரண்டு முகங்களைக் காட்டி, உங்கள் கப்பலுக்கு யாரைத் தலைவராக வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார்கள். அந்த முகங்கள் பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிட்ட வேட்பாளர்களுடையவை. குழந்தைகள் விரல் வைத்த முகம், ஏறத்தாழ அதே 10-க்கு 7 என்ற அளவில், வென்றவரின் முகமாக இருந்தது. அரசியல் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தையும் வாக்குச்சாவடிக்குப் போய்வந்த பெரியவரும் ஒரே மாதிரி முகம் பார்த்திருக்கிறார்கள். ஆகவே பிம்பத்தைப் பார்த்து வாக்களிப்பது இன்றைய இளைஞர்களிடம் மட்டும் தோன்றிய நோய் என்று பெரியவர்கள் குறைபட்டுக்கொள்வதற்கு ஆதாரம் போதாது.

இப்பொருளைப் பேசுவோர் எல்லோரும் தவறாமல் எடுத்துக்காட்டும் நிகழ்வு, 1960 செப்டம்பர் 26 அன்று அமெரிக்க அதிபர் வேட்பாளர்களான கென்னடியும் நிக்ஸனும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் நடத்திய விவாதம். முழங்கால் தொற்றுக்கு மருத்துவமனையில் கிடந்து மெலிந்திருந்த நிக்ஸன் வெளிறிய முகத்தோடு தெரிந்தார். கென்னடி பொலிவோடு நின்றார். வானொலியில் கேட்டவர்கள் நிக்ஸன் வென்றதாகக் கருதினார்கள், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகக் கருதினார்கள் என்ற கதை பலமுறை திரும்பச் சொல்லப்பட்டாலும், அதற்கு அடிப்படையான கருத்துக்கணிப்பு மிகச் சிறியது, அதன் மீது ஐயங்களும் உண்டு. ஆனால் 2003-இல் ஆய்வாளர் ஜேம்ஸ் டிரக்மன் அதே விவாதத்தை, அதைப் பற்றி முன்பு அறியாத இளைஞர்களில் சிலருக்கு ஒலியாகவும் சிலருக்குக் காட்சியாகவும் கொடுத்துச் சோதித்தபோது, காட்சியைப் பார்த்தவர்கள்தாம் கென்னடி வென்றதாக அதிகம் சொன்னார்கள். வேட்பாளர்களின் ஆளுமையை வைத்து அவர்களை எடைபோடுவதும் அவர்களிடமே கூடுதலாக இருந்தது. கதை ஆட்டம் காண்கிறது என்றாலும் அதனுள் இருந்த கருத்து நிலைத்துவிட்டது.

இந்த ஆய்வு வரிசையில் இளம் வாக்காளரை நேரடியாகத் தொடுகிற ஒன்று, கேப்ரியல் லென்ஸும் சாப்பல் லாசனும் 2011-இல் கண்டது. தோற்றத்தின் ஈர்ப்பு எல்லோரிடமும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. அரசியல் செய்திகளைக் குறைவாக அறிந்தும் தொலைக்காட்சியை அதிகமாகப் பார்த்தும் வந்தவர்களிடம்தான் அது வலுவாக இருந்தது. அறிவு மெலிந்தும் காட்சி மிகுந்தும் இருக்கும் இடத்தில் முகம் பேசுகிறது. தொலைக்காட்சி இருந்த இடத்தில் கைப்பேசியை வைத்துப் பார்த்தால், முதன்முறை வாக்காளரின் நிலை தெளிவாகிவிடும்.

கைக்கெட்டும் தொலைவில் ஒரு தலைவர்

பொதுவாகக் கண்ணில் படும் ஒரு பிரசாரக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். வேட்பாளர் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்து வந்த களைப்பு முகத்தில் தெரிகிறது. கைப்பேசியை அவரே கையில் பிடித்திருக்கிறார், ஆகவே படம் லேசாக ஆடுகிறது. செங்குத்தான திரை முழுவதையும் அவர் முகம் நிரப்புகிறது. ஒருவர் நம் எதிரில் உட்கார்ந்து பேசும்போது அவர் முகம் எவ்வளவு அருகில் தெரியுமோ, அவ்வளவு அருகில். அவர் பார்வை லென்ஸின் மேல் இருப்பதால், பார்ப்பவரின் கண்ணையே பார்ப்பது போலிருக்கிறது. முதல் சொல் வணக்கமாக இல்லாமல், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் உரையாடலின் நடுச்சொல்லாக இருக்கிறது, ஏனென்றால் முதல் ஒன்றிரண்டு நொடிக்குள் பிடிக்காவிட்டால் கட்டைவிரல் அடுத்ததற்குத் தள்ளிவிடும். நடுவில் ஒரு சொல் தடுமாறுகிறது; அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், அந்தத் தடுமாற்றமே உண்மையின் சாட்சியாக நிற்கும் என்பது தொகுத்தவருக்குத் தெரியும். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்காகப் பேச்சு எழுத்தாக அடியில் ஓடுகிறது. 40 நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதில் வாக்குறுதி என்று ஒன்றும் இல்லை, இருந்தாலும் அரை வாக்கியம்தான்.

இத்தகைய காட்சியை ஒருவர் வாரத்திற்குப் பத்து முறை, மூன்று மாதம் பார்க்கிறார் என்றால், அவருக்கு அந்த வேட்பாளரைப் பற்றி என்ன தெரியும்? கொள்கை ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் அவர் சிரிக்கும் விதம் தெரியும், எரிச்சலை எப்படி அடக்குவார் என்பது தெரியும், அவர் வீட்டு நாய்க்குட்டியின் பெயர் தெரியும். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-லேயே, தொலைக்காட்சித் தொகுப்பாளர்களோடு பார்வையாளர்கள் கொள்ளும் இந்த ஒருபக்க உறவைப் பற்றி எழுதிவிட்டார்கள். பார்ப்பவர் அவரை நண்பராக உணர்கிறார். அவருக்கோ இவர் இருப்பதே தெரியாது. ராபர்ட் ஸையான்ஸ் 1968-இல் விளக்கியதுபோல, ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே, வேறு காரணம் எதுவும் இல்லாமல், அதன் மீது விருப்பத்தை வளர்த்துவிடும். அந்த இரண்டு பழைய கண்டுபிடிப்புகளையும் சமூக ஊடகம் ஒன்றாக முடிச்சிட்டு, நாளெல்லாம் கையிலிருக்கும் கருவிக்குள் வைத்துவிட்டது. மேலும், தொகுப்பாளர் ஒருபோதும் செய்யாத ஒன்றை வேட்பாளர் செய்கிறார்: எவனோ ஒருவனுடைய கமெண்டுக்குப் பதில் போடுகிறார். அந்த ஒரு பதிலைப் பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்கள், தமக்கும் பதில் வரக்கூடும் என்று எண்ணத் தொடங்குகிறார்கள்.

சைப்ரஸ் தீவில் 2024 ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், ஃபிடியாஸ் பனாயியோட்டு என்ற 24 வயது யூடியூபர், எந்தக் கட்சியையும் சாராமல் நின்று 19 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றார். தனக்கு அரசியல் அதிகம் தெரியாது என்பதை அவர் மறைக்கவில்லை. கட்சிகள் பல பத்தாண்டுகளாகக் கிளைகள் கட்டிச் சேர்த்த நெருக்கத்தை, அவர் குறும்புக் காணொளிகளால் முன்பே சேர்த்து வைத்திருந்தார்; தேர்தல் வந்தபோது அதை வாக்காக மாற்றிக்கொண்டார். 2019-இல் உக்ரைனில் 73 விழுக்காடு வாக்குகளோடு அதிபரான வொலொடிமிர் ஸெலென்ஸ்கியின் கதையும் இந்த வகைதான். தொலைக்காட்சித் தொடரொன்றில் எதிர்பாராமல் அதிபராகிவிடும் பள்ளி ஆசிரியராக நடித்திருந்தார். வாக்காளர்கள் அவரை அந்த நாற்காலியில் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்கள்.

நினைவு இல்லாத இடம்

முதியவர்களும் கைப்பேசி பார்க்கிறார்கள், அவர்களும் வீடியோவில் மயங்குகிறார்கள். அப்படியிருக்க இளம் வாக்காளரைத் தனியாகப் பேசுவது ஏன்? எனக்குத் தெரிந்தவரை இதற்கு இரண்டு காரணங்கள் வலுவானவை.

முதலாவது, கட்சிப் பற்று என்பது திரும்பத் திரும்ப வாக்களிப்பதால் உறையும் ஒரு பழக்கம். ஆறு தேர்தல்களில் ஒரே சின்னத்துக்கு வாக்களித்தவர், ஏழாவதில் மாற்றுவதற்குத் தன் பழைய முடிவுகளையே மறுக்க வேண்டும். இருபது வயதுக்காரருக்கு மறுக்க வேண்டியது எதுவும் இல்லை. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளலாம். 2021 பொதுத் தேர்தலில் முதன்முறை வாக்காளர்களிடம் முன்னணியில் நின்றவை பசுமைக் கட்சியும் தாராளவாதக் கட்சியான எஃப்டிபியும். 2025 பிப்ரவரி 23 அன்று நடந்த அடுத்த தேர்தலில், 18 முதல் 24 வயதினரிடம் இடதுசாரிக் கட்சி சுமார் 25 விழுக்காடும் தீவிர வலதுசாரியான ஏஎஃப்டி சுமார் 21 விழுக்காடும் பெற்று முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. ஒரே தேர்தல் இடைவெளியில் முன்னணிக் கட்சிகள் இரண்டுமே மாறிவிட்டன. இதை நிலையின்மை என்று பழிப்பதைவிட, இன்னும் உறையாத மனம் என்று சொல்வதே பொருந்தும்.

இரண்டாவது காரணம், முன்னதைவிட அதிகம் கவலை தருவது. வேட்பாளரின் பழைய வரலாற்றை மூத்தவர் வாழ்ந்து பார்த்திருக்கிறார். இளையவர் அதை யாரோ சொல்லித்தான் அறிய வேண்டும். அந்தச் சொல்லும் இடத்தில் பாடப்புத்தகமும் பத்திரிகையும் வீட்டுப் பெரியவர்களும் இருந்த காலத்தில், பிம்பத்துக்கு எதிரே நிற்க ஏதாவது ஒன்று இருந்தது. பிலிப்பைன்ஸில் 1972-இல் ராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, 1986-இல் மக்கள் எழுச்சியால் நாட்டைவிட்டு ஓடிய ஃபெர்டினாண்ட் மார்கோஸின் மகன் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஜூனியர், 2022 மே மாதத் தேர்தலில் 3 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று அதிபரானார். தந்தையின் ஆட்சிக்காலம் நாட்டின் பொற்காலம் என்று காட்டும் காணொளிகள் யூடியூபிலும் டிக்டாக்கிலும் ஃபேஸ்புக்கிலும் பல ஆண்டுகளாகவே சுற்றிக்கொண்டிருந்தன. அவரோ குடும்பத்தோடு சிரித்துப் பேசும் வீடியோக்களை வெளியிட்டார். வேட்பாளர் விவாதங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்தார். விவாத மேடையில் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்க முடியும். குடும்ப வீடியோவில் குறுக்கே வந்து கேட்பதற்கு ஆள் கிடையாது.

பிம்பம் பொய்யாக இருப்பது கூட ஒரு பக்கம் இருக்கட்டும். பிரபோவோ வீட்டில் உண்மையிலேயே பூனையைக் கொஞ்சுபவராக இருக்கலாம். அந்த உண்மை, தெரிந்துகொள்ள வேண்டிய மற்றோர் உண்மையின் இடத்தில் உட்கார்ந்துகொள்வதுதான் இடர்ப்பாடு. மூத்தவரின் மனத்தில் பூனையும் 1998-உம் ஒன்றோடொன்று மோதும். இளையவரின் மனத்தில் பூனை மட்டும் இருக்கிறது.

நண்பனின் முகம்

வேட்பாளரின் முகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அதைவிட ஆற்றல் வாய்ந்த இன்னொரு முகத்தை மறந்துவிடுவோம். அமெரிக்காவில் 2010 நவம்பர் 2 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலின்போது ஃபேஸ்புக்கில் 6 கோடியே 10 லட்சம் பேரிடம் ஒரு சோதனை நடத்தப்பட்டது. பெரும்பாலானோருக்கு, ‘இன்று தேர்தல் நாள்’ என்ற செய்தியோடு, ‘நான் வாக்களித்துவிட்டேன்’ என்ற பொத்தானும், அதை அழுத்திய அவர்களுடைய நண்பர்களில் சிலரின் முகப்படங்களும் காட்டப்பட்டன. சிறு பகுதியினருக்கு நண்பர் முகங்கள் இல்லாமல் செய்தி மட்டும் காட்டப்பட்டது. இன்னொரு சிறு பகுதியினருக்கு எதுவுமே காட்டவில்லை. அரசு வாக்காளர் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, முகங்கள் இல்லாத வெறும் செய்தி யாரையும் கூடுதலாகச் சாவடிக்கு அழைத்து வரவில்லை. நண்பர்களின் முகம் தெரிந்த இடத்தில் மட்டும் மாற்றம் நிகழ்ந்தது. நேரடியாகச் சுமார் 60,000 பேரும், நண்பருக்கு நண்பர் என்று பரவி மேலும் சுமார் 2,80,000 பேரும் கூடுதலாக வாக்களித்ததாக 2012-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அந்தப் பரவலில் பெரும்பங்கு, நேரிலும் நெருங்கிப் பழகும் நண்பர்கள் வழியாகவே வந்தது.

இது பழைய பாடம் ஒன்றின் புதிய வடிவம். 1940-இல் ஒஹையோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் பால் லசார்ஸ்ஃபெல்டும் அவர் குழுவினரும் வாக்காளர்களைப் பல மாதம் தொடர்ந்து சந்தித்துக் கண்டது என்னவென்றால், வானொலியும் பத்திரிகையும் நேராக மக்களை மாற்றுவதைவிட, அவற்றைக் கூர்ந்து கவனிக்கும் சிலர் தம் சுற்றத்தாரோடு பேசித்தான் கருத்தை நகர்த்துகிறார்கள் என்பதே. இன்று ஒரு வேட்பாளரின் ரீல்ஸைத் தோழி ஒருத்தி தன் ஸ்டோரியில் போடும்போது, அல்லது குழுவில் ஒருவன் மீம் ஒன்றை ஃபார்வர்டு செய்யும்போது, அதே இடைநிலை மனிதர்தான் வேலை செய்கிறார். வேட்பாளர் நேரடியாக அனுப்பியிருந்தால் விளம்பரம் என்று தள்ளியிருப்பார்கள். தோழி அனுப்பினால் அது பேச்சு.

அந்த இடைநிலை மனிதரின் இடத்தில் இப்போது, சமூக ஊடகத்தில் பெருந்திரளானோர் பின்தொடரும் இன்ஃப்ளூயன்சர் என்ற புதியவர் வந்து சேர்ந்திருக்கிறார். பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் 30 வயதுக்கு உட்பட்டவர்களில் 37 விழுக்காட்டினர் இத்தகையவர்களிடமிருந்தே வழக்கமாகச் செய்தி அறிகிறார்கள். அவர் நண்பரைப் போலப் பேசுகிறார், ஆனால் பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறாரா என்பது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. டிக்டாக் 2019-இலேயே காசு கொடுத்துச் செய்யும் அரசியல் விளம்பரங்களைத் தடை செய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 அக்டோபரில் அரசியல் விளம்பர வெளிப்படைத்தன்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் கூகுளும் அங்கே அத்தகைய விளம்பரங்களையே நிறுத்திக்கொண்டன. விளம்பரம் என்ற முத்திரை தாங்கியது மறைந்தால், முத்திரையில்லாமல் பேசுபவருக்கு மதிப்பு கூடும் என்பதை எந்தக் கட்சியின் ஐடி விங்கும் அறியும்.

எவ்வளவு தூரம் நம்பலாம்?

ருமேனியாவில் 2024 நவம்பர் 24 அன்று நடந்த அதிபர் தேர்தலின் முதல் சுற்றில், கருத்துக்கணிப்புகள் கண்டுகொள்ளாத காலின் ஜார்ஜெஸ்கு சுமார் 23 விழுக்காடு வாக்குகளோடு முதலிடம் பிடித்தார். குதிரை ஏறுவதும் ஜூடோ பயிலுவதுமான காட்சிகள் டிக்டாக்கில் பெருகின. பிரசாரத்துக்கு ஒரு காசும் செலவிடவில்லை என்று அவர் கணக்குக் காட்டினார். அந்நாட்டு உளவு அமைப்புகள் வெளியிட்ட ஆவணங்களோ, ஒருங்கிணைந்து இயங்கிய சுமார் 25,000 டிக்டாக் கணக்குகளைச் சுட்டிக்காட்டின. டிசம்பர் 6-ஆம் தேதி அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. ஒரு வேட்பாளர் வைரல் ஆகிவிட்டார் என்று இளைஞர் ஒருவர் காணும்போது, தம்மைப் போன்ற பலர் அவரை விரும்புகிறார்கள் என்றே அதைப் பொருள்கொள்கிறார். அந்தப் பெருங்கூட்டமே செய்து வைக்கப்பட்டதாக இருந்தால், நண்பனின் முகம் செய்த வேலையைப் போலி முகங்கள் செய்துவிடுகின்றன.

இதற்காக, யாருக்கு எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் அல்காரிதம் ஆட்டுவித்தபடி இளைஞர்கள் ஆடுகிறார்கள் என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. 2020 அமெரிக்கத் தேர்தலின்போது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்களில் ஒரு பகுதியினருக்கு அல்காரிதம் தேர்ந்து தரும் வரிசையை நீக்கி, கால வரிசைப்படி பதிவுகளை மூன்று மாதம் காட்டிப் பார்த்தார்கள். அவர்கள் செயலியில் செலவிட்ட நேரம் குறைந்தது, கண்ணில் பட்டவை மாறின; அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2024 கோடையில் கமலா ஹாரிஸ் வேட்பாளரானபோது அவரைச் சுற்றி மீம்களும் நடனங்களும் பொங்கின. செப்டம்பரில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் அவருக்கு ஆதரவு தெரிவித்து இன்ஸ்டாகிராமில் இட்ட இணைப்பின் வழியே ஒரே நாளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்காளர் பதிவுத் தகவல் தளத்துக்குச் சென்றார்கள். அப்படியிருந்தும் 2020-இல் ஜோ பைடனுக்கு இளைஞர்களிடம் கிடைத்த முன்னிலை அளவுக்கு ஹாரிஸுக்குக் கிடைக்கவில்லை, தேர்தலிலும் தோற்றார். விலைவாசி கழுத்தை நெரிக்கும்போது மீம் அதைத் தளர்த்திவிடாது. தன் வாடகை, தன் வேலை, தன் கடன் என்று நேரே தொடும் ஒன்று எதிரில் நிற்கும்போது பிம்பம் பின்வாங்குகிறது. எதுவும் தொடாத வெற்றிடத்தில்தான் அது ஆட்சி செய்கிறது.

பிம்பம் எல்லா வேட்பாளருக்கும் ஒரே விலையில் கிடைப்பதும் இல்லை. நடனமாடிய 72 வயது முன்னாள் ஜெனரல் செல்லத் தாத்தாவானார். 2022 ஆகஸ்டில், ஃபின்லாந்தின் பிரதமராக இருந்த 36 வயது சன்னா மரீன் நண்பர்களோடு ஒரு விருந்தில் ஆடிப் பாடிய வீடியோ கசிந்தபோது, அவர் போதைப்பொருள் பரிசோதனை செய்துகொண்டு, ஒன்றுமில்லை என்ற முடிவை நாட்டுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. இரண்டுமே நடனம்தான். பிரபோவோ மக்கள் பார்க்கவென்றே ஆடியது, மரீனுடையது கசிந்தது என்ற வேறுபாடு உண்டு. அதற்கு அப்பாலும், இளம் பெண்ணொருத்தியின் தனிப்பொழுது அவளது தகுதிக்கு எதிரான சான்றாக வாசிக்கப்படுவதை நான் மிகுந்த வருத்தத்தோடுதான் காண்கிறேன். அரசியலுக்கு வரலாமா என்று யோசிக்கும் இருபது வயதுப் பெண்கள், அந்த வீடியோவின் அடியில் வந்த கமெண்டுகளையும் படித்திருப்பார்கள்.

இளைஞர்கள் முகத்தைப் பார்ப்பதை அறியாமை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நூற்றுக்கணக்கான பக்கம் நீளும் தேர்தல் அறிக்கைகளை எந்த வயதினரும் படிப்பதில்லை. இந்த மனிதருக்கு என் வாழ்க்கை தெரியுமா என்று ஒருவர் கேட்பது நியாயமான அரசியல் கேள்வியே. அந்தக் கேள்விக்குத் திரையில் கிடைக்கும் விடையை, திரைக்கு வெளியே சரிபார்க்க வழி இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஜெர்மனியில் 2025 தொடக்கத்தில், நாடாளுமன்றத்தில் நுழையப் பொதுவாகத் தேவையான 5 விழுக்காட்டுத் தடையைத் தாண்டுமா என்றே ஐயுறப்பட்ட இடதுசாரிக் கட்சி, மொத்தத்தில் 8.8 விழுக்காடு பெற்றது. ஜனவரி இறுதியில் அக்கட்சியின் ஹைடி ரைஷின்னெக் நாடாளுமன்றத்தில் ஆவேசமாக ஆற்றிய உரை டிக்டாக்கில் பல லட்சம் பேரைச் சென்றடைந்ததை எல்லோரும் பேசினார்கள். அவ்வளவாகப் பேசப்படாதது, அதே மாதங்களில் அக்கட்சித் தொண்டர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி வாடகையைப் பற்றிப் பேசியதும், வாடகை சட்ட வரம்பைத் தாண்டுகிறதா என்று குடியிருப்பவரே பார்த்துக்கொள்ள ஓர் இணையக் கருவியைக் கொடுத்ததும். வீடியோவில் அவரைக் கண்ட இளைஞருக்கு, அவர் கட்சி சொல்வதைத் தன் வாடகை ரசீதை வைத்தே சோதித்துக்கொள்ள முடிந்தது.

பிரபோவோ 2024 அக்டோபர் 20 அன்று பதவியேற்றார். நான்கு மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில், அரசின் செலவுக் குறைப்பு கல்வியைப் பாதிக்கும் என்று அஞ்சிய மாணவர்கள் பல நகரங்களில் கறுப்பு உடை அணிந்து தெருவில் இறங்கினார்கள். ‘இருண்ட இந்தோனேசியா’ என்று பொருள்படும் அவர்களுடைய ஹேஷ்டேக், ஓராண்டுக்கு முன்பு அவருடைய நடனம் சுற்றி வந்த அதே திரைகளில் டிரெண்டிங் ஆனது.